ஒருவர் எப்போதும் உள்ளே

நாங்கள் உள்ளே போனபோது அந்த அரிசி ஆலையில் யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. கொத்தடிமை மீட்பு என்றதும் பலருக்குச் சங்கிலியும் சவுக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நடந்து நடந்து காலாலேயே நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரக் கிளையில் கட்டிய புடவைத் தூளியில் ஒரு குழந்தை தூங்கியது. ஒருத்தி என்னவோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பொய் என்று சொல்ல இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு மனம் வரவில்லை.

2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. செங்குன்றத்தைச் சுற்றி அரிசி ஆலைகள் அடுத்தடுத்து இருந்த காலம். சாலையில் போகும்போதே ஊறிய நெல்லின் புளித்த வாசனை பேருந்துக்குள் ஏறிவிடும். நான் அப்போது திருவள்ளூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆசிரியை. இருளர் பெண்கள் ஆண் அதிகாரிகள் முன்னால் வாய் திறக்கத் தயங்குவார்கள், வாக்குமூலம் எழுத ஒரு பெண் துணைக்கு வேண்டும் என்று தொண்டு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். வெள்ளைத்தாள் கட்டும் மைப்பெட்டியுமாகக் கிளம்பிப் போனேன்.

அங்கிருந்தவர்கள் எல்லோரும் இருளர்கள். அவர்களுடைய பாட்டன்மார் வயல் வரப்பில் எலி வளை வெட்டியும், ஏரிக்கரையில் மூலிகை பறித்தும், பாம்பு பிடித்துத் தோல் விற்றும் வாழ்ந்தவர்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த பாம்புத்தோல் தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. பாம்புகளுக்கு அது நல்லது. ஆனால் அவற்றைப் பிடித்து வாழ்ந்தவர்கள் இனி என்ன செய்வார்கள் என்று சட்டம் யோசிக்கவில்லை. 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு பேருக்குச் சோறு போட்டது. மற்றவர்களைத் தேடி மேஸ்திரிகள் வந்தார்கள், கையில் அட்வான்ஸோடு. செங்கல் சூளை, மரம் வெட்டு, கரும்பு வெட்டு, அரிசி ஆலை. ஒரு கல்யாணச் செலவு, ஒரு பிரசவச் செலவு, சில ஆயிரம் ரூபாய். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போன குடும்பம், வருடங்கள் ஆனாலும் அந்தச் சில ஆயிரத்தைக் கட்டித் தீர்த்ததில்லை.

கோட்டாட்சியர் களத்து மேட்டில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒதுங்கிப் போய்ப் போனில் பேசினான், கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றது, அதிலிருந்து பத்துப் பதினைந்து பேர் குதித்தார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், யாரோ எங்கள் ஜீப்பின் மேல் ஓங்கி அடித்தார்கள், பின்பக்கச் சுவர் ஓரமாக இரண்டு குடும்பங்களை ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவர் கத்தினார், காவலர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள், தூளியிலிருந்த குழந்தை வீறிட்டது, அதன் தாய் எங்கே என்று தெரியவில்லை, நான் அதைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி ஓடினேன், பின்னால் கல் விழும் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் வாசலில் ஒரு வயதான பெண் ஏற மறுத்து நின்றுகொண்டிருந்தார். மெலிந்த முகம். நெற்றியிலும் இமை மயிரிலும் உமித்தூசி. மூக்குத்தி போட்டிருந்த துளையில் ஒரு துடைப்பக் குச்சி. எல்லோரும் அவரை ஆயா என்றார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவர் குரலை உயர்த்தவில்லை. என் கையிலிருந்த குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்:

“நாங்க நல்லாத்தான் கீறோம். மொதலாளி நொய் குடுக்கறாரு, பொங்கலுக்குத் துணி எடுத்துத் தர்றாரு. யாரும்மா உங்கள வரச் சொன்னது?”

அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. பேத்தி கையைப் பிடித்து இழுக்க, அவர் ஏறிக்கொண்டார்.

கோட்டாட்சியர் அலுவலகத் தாழ்வாரத்தில் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினோம். பொட்டலம் பொட்டலமாகச் சாம்பார் சாதம் வந்தது. பிள்ளைகள் தின்றுவிட்டு அப்படியே சுருண்டன. கோப்புகளின் பழந்தாள் வாடையை மீறி, அவர்கள் உடம்பிலிருந்து வந்த அவித்த நெல்லின் ஆவி வாசனை அந்தக் கட்டடம் முழுக்க நிறைந்திருந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். எழுப்ப ஆளில்லாமல், மணி அடிக்காமல், தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். கூந்தலை அள்ளி முடிந்தார்கள். ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றே விட்டாள். “அவியப் போடணுமே” என்றாள். பிறகு எங்கே இருக்கிறோம் என்று புரிந்து, வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். ஆலையில் தொட்டித் தண்ணீரை வடித்து நெல்லைக் கொப்பரையில் ஏற்றும் நேரம் அது. அவர்கள் பூட்டப்பட்டிருந்தார்களா என்று பிற்பாடு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு மணியைத்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாக்குமூலத்தின் கீழே கைநாட்டு வைக்க வேண்டும். மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் பதித்தால், பல பெண்களின் கட்டைவிரல் வெறும் நீல வட்டமாக விழுந்தது. ரேகை இல்லை. நெல்லும் உமியும் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. எழுத்தர் இன்னொரு முறை வைக்கச் சொன்னார். மறுபடியும் அதே நீல வட்டம். ஒரு பெண்ணின் விரலை என் முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் இரண்டு கோடு மிச்சம் இருந்தது. அந்த ஓரத்தைப் பதிய வைத்தோம்.

அவளோடுதான் நெடுநேரம் பேசினேன். முப்பது வயதுக்குள் இருக்கும். காதில் பித்தளைத் தோடு. பெயரை எழுதமாட்டேன், அவள் இன்றும் அந்தப் பக்கத்தில்தான் வாழ்கிறாள். அவளிடமும் குறை என்று எதுவும் கிடைக்கவில்லை. அடிப்பார்களா என்றால் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களை மட்டும்தான் என்றாள். கூலி என்ன என்றால் வாரச் சந்தைக்குக் காசு தருவார்கள் என்றாள். அட்வான்ஸ் எவ்வளவு பாக்கி என்றால் மொதலாளிக்குத்தான் தெரியும் என்றாள். பேச்சுவாக்கில் அம்மா செத்த கதை வந்தது.

“அம்மா செத்தப்ப வுட்டாங்கம்மா. வீட்டுக்காரர வச்சிட்டு நான் மட்டும் போய்ப் பொழுது சாய வந்துட்டேன்.”

“மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போவீங்களா?”

“ஒரு வருசம் அவரு போவாரு. ஒரு வருசம் நான்.”

“ரெண்டு பேரும், புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு, ஒண்ணா?”

நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்கு விவரம் தெரியவில்லை என்பதுபோல் பொறுமையாகச் சொன்னாள்:

“அது எப்படிம்மா முடியும்? ஒருத்தர் எப்பவும் உள்ள இருக்கணும் இல்ல?”

அதை அப்படியே தாளில் எழுதினேன். அவள் வாக்குமூலத்தில் புகார் என்று சொல்லத்தக்க ஒரே வரி அதுதான். அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை.

சட்டத்துக்கு அந்த ஒரு வரி போதும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் குறைந்தபட்சக் கூலியையோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்திருக்கிறாரா என்றுதான் கேட்கிறது. சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்பதில்லை. 1975 அக்டோபர் 25 அன்று அவசரச் சட்டமாக அமலுக்கு வந்து, 1976-இல் முழுச் சட்டமானது. நாட்டில் நெருக்கடி நிலை. தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் கடனுக்காக உடலைப் பிணைவைக்கும் வழக்கம் செல்லாது, அந்தக் கடனே இல்லை என்று எழுதப்பட்டது. 1983-இல் பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி, கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றார். கைநாட்டு கூட விழாத விரல் எந்தச் சீட்டைக் கொண்டுவந்து காட்டும்?

ஆனாலும் அந்த ஆயாவின் கேள்வியைச் சட்டப் பிரிவைக் காட்டி வாயடைக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய திருப்திக்குக் காரணங்கள் இருந்தன. வெளியே அவர்களுக்குப் பட்டா இல்லை, ரேஷன் அட்டை இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டால் ஊர்க்காரர்கள் விரட்டுவார்கள். எந்த ஊரில் எந்தத் திருட்டு நடந்தாலும் போலீஸ் முதலில் இருளர் குடிசைக்குத்தான் வரும். “மில்லுக்குள்ள போலீஸ் வராது” என்று ஓர் ஆண் என்னிடம் நிம்மதியோடு சொன்னார். அந்தச் சுவர் அவர்களை உள்ளே அடைத்தது. போலீஸ்காரரை வெளியே நிறுத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர்கள் நல்லாத்தான் கீறோம் என்றார்கள். நாம் வெளியே கட்டி வைத்திருக்கும் உலகத்தின் மீது அவர்கள் சொன்ன தீர்ப்பு அது.

விடிந்ததும் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு தாள், முத்திரை, கையெழுத்து. கடன் ரத்து என்று அதிகாரி படித்துக் காட்டினார். யாரும் கைதட்டவில்லை. அன்றைய விதிப்படி மறுவாழ்வுத் தொகை 20,000 ரூபாய். உடனடிச் செலவுக்கு அதில் 1,000 ரூபாய். அதை மடியில் முடிந்துகொண்டு வேனில் ஏறினார்கள். சொந்த ஊர் என்று அவர்கள் சொன்ன இடத்தில், ஏரிக்கரையின் கருவேல மரங்களுக்கு நடுவில் இறக்கிவிடப்பட்டார்கள்.

மீதிப் பணம் வரவில்லை. இன்று வரும், அடுத்த வாரம் வரும் என்றார்கள். ஐப்பசி மழை வந்தது. பள்ளி விட்டதும் நான் அந்தக் கரைக்குப் போவேன். தார்ப்பாயில் தண்ணீர் ஒழுகும். சான்றிதழை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூரையின் மூங்கிலில் செருகி வைத்திருப்பார்கள். அது மட்டும் நனையாது. ரேஷன் கடைக்காரர் அட்டை கேட்டார். அட்டைக்கு முகவரி கேட்டார்கள். முகவரிக்குப் பட்டா கேட்டார்கள். ஊரில் ஒரு மோட்டார் காணாமல் போனபோது, ஆலைக்குள் வராத போலீஸ் ஏரிக்கரைக்கு வந்தது. தீபாவளிக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் இரவோடு இரவாகச் செங்கல் சூளைக்குப் போய்விட்டன, புது அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு. 1984-இல் உச்ச நீதிமன்றம் நீரஜா சௌத்ரி வழக்கில் இதைத்தான் எச்சரித்திருந்தது: விடுவித்ததோடு நிறுத்தினால், மறுவாழ்வு உடனே தராவிட்டால், வறுமை அவர்களைத் திரும்பவும் அதே அடிமைத்தனத்தில் தள்ளும். தீர்ப்பு எழுதி இருபது ஆண்டு கழித்து, அந்தக் கரையில் அது வரிக்கு வரி நடந்தது.

அந்த ஆயா அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. காய்ச்சல், இருமல், ஆஸ்பத்திரிக்குத் தூரம். ஆலையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மொதலாளி மருந்துக்குக் காசு கொடுத்திருப்பார், கணக்கில் எழுதியிருப்பார், அந்தக் கணக்கைப் பேத்தி கட்டியிருப்பாள். இந்த இரண்டு முடிவுகளில் எது நல்லது என்று ஆயாவைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன்.

தலையிடவே கூடாது என்கிறவர்கள் அவ்வப்போது வடக்கு சென்டினல் தீவை உதாரணம் காட்டுகிறார்கள். அந்த மக்களை அரசே தொடாமல் விட்டு வைத்திருக்கிறதே, இவர்களையும் அப்படி விட்டால் என்ன என்கிறார்கள். சென்டினல்காரர்கள் வெளியாட்களை வில்லோடு எதிர்கொள்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் வலு அவர்களிடம் இருக்கிறது, அவர்களை யாரும் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கவில்லை. அவர்களை விட்டுவைப்பது அவர்களுடைய சொல்லுக்குக் கட்டுப்படுவது. ஆலையில் இருந்தவர்களை விட்டுவைப்பது முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்படுவது. பித்தளைத் தோடு போட்டவள் போகலாம், வரலாம் என்ற நிலையில் இருந்துகொண்டு, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் தாளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். அந்த நிலை ஒரு நாள்கூட அவளுக்குக் கொடுக்கப்படவில்லை.

2016-இல் மறுவாழ்வுத் தொகையை உயர்த்தினார்கள்: ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். 2030-க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்போம் என்று ஒன்றிய அரசு சொன்னது. கூடவே, உடனடி உதவி போக மீதித் தொகை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போடப்பட்டது. வழக்கு முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்று நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடக்கும் படம் நாடெங்கும் பரவியது. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். நான் அந்த முதியவரின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அன்று இரவு எங்கே போய்ப் படுத்தன, அடுத்த ஐப்பசியில் எந்தக் கூரையின் கீழ் இருந்தன என்று எந்தப் படமும் காட்டவில்லை.

ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு எப்படியோ விடிந்தது. பல ஆண்டுகள் மனு, முற்றுகை, மறுபடி மனு. பழங்குடியினர் சங்கத்துக்காரர்கள் ஓயவில்லை. சாதிச் சான்றிதழ் வந்தது, பிறகு பட்டா, பிறகு சின்னத் தொகுப்பு வீடுகள். நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது, மேஸ்திரியைக் கேட்காமல் சம்பாதிக்க முதல்முறையாக ஒரு வழி கிடைத்தது. சூளைக்குப் போன இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் பித்தளைத் தோடு போட்டவள் என்னையும் கூப்பிட்டிருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலில் குச்சி நட்டுப் புடவை சுற்றிய குடில்கள். சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள். எல்லாத் திசையிலிருந்தும் இருளர்கள் வந்திருந்தார்கள். கன்னியம்மனுக்கு மணலிலேயே ஏழு படி அமைத்து மஞ்சளும் பூவும் வைத்திருந்தார்கள். விறகுப் புகையும் மீன் வறுக்கும் வாசனையும் அலைச் சத்தமும். விடியற்காலையில் பெண் பார்த்துப் பேசி முடித்தார்கள், பிள்ளைகளுக்கு மொட்டை அடித்தார்கள், ஒரு ஜோடிக்கு அங்கேயே தாலி கட்டினார்கள். அவள் வந்திருந்தாள், வீட்டுக்காரர் வந்திருந்தார், பிள்ளைகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள், தூளியில் வீறிட்ட அந்தக் குழந்தை, ஆயாவின் பேத்தி மகள், பள்ளிச் சீருடைக்கு மேல் புதுத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். “வீட்டுல யாரு கீறாங்க?” என்று நான் அவள் பேச்சிலேயே கேட்டேன். “பூட்டிட்டு வந்துட்டோம்மா” என்று இடுப்பிலிருந்த சாவியைத் தட்டிக் காட்டினாள்.

வெளியாட்கள் போகலாமா என்று கேட்பவர்களுக்கு அவள் பெயரால் சொல்கிறேன்: போகலாம், போக வேண்டும். யாரும் கூப்பிடவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். கூப்பிடத் தெரிந்திருந்தால் அவர்களே வந்திருப்பார்கள். ஆனால் ஆயாவின் பெயராலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதலைச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் எழுதி வாங்குங்கள். பணத்தை வழக்கின் முடிவுக்குக் காத்திருக்க விடாதீர்கள். போலீஸ் வந்தால் முன்னால் போய் நிற்க ஒருவரை அந்தக் கரையிலேயே வையுங்கள். குறைந்தது இரண்டு மழைக்காலமாவது அவர்களோடு நனையுங்கள். அதற்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்றால் வேனை அனுப்பிய பிறகும் உங்கள் வேலை தொடங்கக்கூட இல்லை என்று அர்த்தம். அவர்களை விடுவித்துவிட்டோம் என்று எங்கும் எழுதாதீர்கள்.